குன்றத்தூரில் கழற்றி வைத்த பூட்ஸ்

மல்லிகா அந்தக் கேள்வியைக் கேட்காமல் இருந்திருந்தால் நான் கோடை லீவில் வழக்கம்போல் வடாம் பிழிந்துகொண்டு தாம்பரத்திலேயே இருந்திருப்பேன். எட்டாம் வகுப்பில் இமயமலை பாடம். கரும்பலகையில் நீலச் சாக்கட்டியால் மலைத்தொடரை வரைந்து, அதன் மேல் வெள்ளையால் பனிக்கோட்டை இழுத்துக்கொண்டிருந்தேன். "டீச்சர், பனியில கால் வெச்சா சத்தம் வருமா?" என்றாள்.

வருஷக்கணக்கில் புவியியல் சொல்லிக்கொடுத்தவள் நான். பனிக்கோடு எத்தனை அடியில் தொடங்குகிறது, ஏன் தெற்குச் சரிவில் ஒரு மாதிரியும் வடக்குச் சரிவில் ஒரு மாதிரியும் இருக்கிறது, எல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். சத்தம் வருமா என்று எந்தப் புத்தகத்திலும் போட்டிருக்கவில்லை. "தெரியலைம்மா, தெரிஞ்சுக்கிட்டு வந்து சொல்றேன்" என்றேன். அன்று சாயந்திரம் வீட்டுக்குப் போகும்போது புழுதியில் என் செருப்பு எழுப்பிய சத்தத்தையே கேட்டுக்கொண்டு நடந்தேன். பனியில் நடக்கிற மாதிரி பாவித்துக்கொண்டு நடந்ததில் என் தெருவைத் தாண்டி இரண்டு தெரு போய்விட்டேன்.

எங்கள் பள்ளியின் டிரில் ஆசிரியை எஸ்தர் டீச்சர். நாங்கள் இருவரும் ஒரே வருஷத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். சேர்ந்த நாளிலிருந்து அவள் எனக்கு டீச்சர், நான் அவளுக்கு டீச்சர். பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. அவளிடம் இந்தக் கேள்வியைச் சொன்னபோது சிரிக்கவில்லை. "எங்க சர்ச்சுக்கு வர்ற கேப்டன் ஒருத்தர் மே மாசம் நாலைஞ்சு பேரை நேபாளத்துக்குக் கூட்டிட்டுப் போறாராம். பனி வரைக்கும். கேட்டுப் பாப்போமா டீச்சர்?" என்றாள்.

ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்ற அந்தக் கேப்டன் பெருங்களத்தூரில் மாந்தோப்பு ஒன்றின் நடுவே வீடு கட்டிக் குடியிருந்தார். எங்களை உட்காரவைத்து மோர் கொடுத்தார். கொண்டுவர வேண்டிய சாமான்களை விரல் மடக்கிச் சொல்லிக்கொண்டே வந்தவர் பூட்ஸ் என்று வந்ததும் நிறுத்தினார்.

"பூட்ஸைப் பழக்கணும். தரையில நடந்து இல்ல, மலை ஏறி இறங்கிப் பழக்கணும். கடைசி முகாம்ல எல்லார் காலையும் பாப்பேன். புண்ணு வந்து பூட்ஸ் போட முடியாதவங்களுக்கு அதுக்கு மேல இடம் இல்ல. என் கூடப் பிறந்தவளா இருந்தாலும் அங்கேயே உக்கார வெச்சுட்டுத்தான் போவேன்."

எங்களுக்கு அது பெரிய விஷயமாகப் படவில்லை. தாம்பரத்தைச் சுற்றி மலைக்கா பஞ்சம்? கம்பளிதான் கவலையாக இருந்தது. டிசம்பரில் நடைபாதையில் ஸ்வெட்டர் விற்கும் திபெத்தியர்கள் ஊரை விட்டுப் போயிருந்தார்கள். அப்போது எஸ்தர் டீச்சருக்குத்தான் யோசனை வந்தது. எங்கள் காலனியில் டில்லிக்கு மாற்றலாகிப் போய்த் திரும்பி வந்த குடும்பங்கள் சில இருந்தன. ஒவ்வொரு வீட்டிலும் பரண் மேல் ஒரு டிரங்குப் பெட்டி, அதற்குள் ஒரு குளிர்காலம்.

வீடு வீடாகப் போனோம். பெட்டி இறங்கும், பாச்சை உருண்டை வாசனை கூடமெங்கும் பரவும். அந்த அம்மாள் ஸ்வெட்டரை மடியில் போட்டுத் தடவிக்கொண்டே கரோல்பாக் குளிரைப் பற்றிச் சொல்லுவாள். வாயிலிருந்து புகை வந்ததையும், காலையில் குழாயில் தண்ணீர் உறைந்ததையும் கேட்டுக்கொண்டு, வியர்வையைத் தலைப்பால் ஒற்றியபடி நான் உட்கார்ந்திருப்பேன். எனக்கு எழுந்து வரவே மனம் வராது. ஒரு மாமி கொடுத்த மங்கி குல்லாய்க்கு ஒரு நிபந்தனை இருந்தது. "துவைச்சிடாதேம்மா. அவர் தலை வாசனை அதிலதான் பாக்கி இருக்கு" என்றாள். அதைக் கையில் வாங்கும்போது எனக்குக் கொஞ்சம் பயமாகவே இருந்தது.

ஒரு நாள் மத்தியானம் எல்லாவற்றையும் ஒன்றன் மேல் ஒன்றாகப் போட்டுப் பார்த்தேன். கீழே ஒரு ஸ்வெட்டர், மேலே ஒன்று, கையுறை, குல்லாய். மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டேன். விசிறிக் காற்று பனிக்காற்றாகிவிட்டது. தூரத்தில் மின்சார ரயில் கூவியது பள்ளத்தாக்கு ஏதோவொன்றில் கேட்டது. எவ்வளவு நேரம் அப்படி இருந்தேனோ தெரியாது. அலுவலகத்திலிருந்து வந்த அண்ணா வாசலிலேயே நின்று, "கமலா, கரண்ட் போய் அரை மணி ஆச்சு" என்றான். அப்புறம்தான் நான் தொப்பலாக நனைந்திருப்பது தெரிந்தது.

அடுத்தது கால்சட்டை. புடவையோடு பனியில் நடக்க முடியாது என்று கேப்டன் சொல்லிவிட்டார். பஜாரில் எனக்கு ரவிக்கை தைக்கும் தையல்காரரிடம் போனேன். எங்கள் பக்கத்தில் பெண்களுக்கு உடம்பில் அளவு எடுக்கும் வழக்கம் கிடையாது. பழைய ரவிக்கை ஒன்றை அளவுக்குக் கொடுப்போம், அவ்வளவுதான்.

"பேன்ட்டு சாருக்கா டீச்சர்?"

"எனக்கு."

அவர் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். தெருவைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அப்ப அளவுக்கு ஒரு பேன்ட்டு குட்த்தனுப்புங்கோ."

அளவுக்குக் கொடுக்க என்னிடம் ஏது பேன்ட்? கடைசியில் அண்ணாவின் பழைய பேன்ட் ஒன்றை அளவுக்குக் கொடுத்து, அதிலிருந்து நான் எவ்வளவு குட்டை, எவ்வளவு பருமன் என்று அண்ணி வாயாலேயே அவருக்குச் சொன்னாள். தைத்து வந்தது ஒரு மாதிரி அண்ணாவுக்கும் பொருந்தவில்லை, எனக்கும் பொருந்தவில்லை. கயிறு கட்டிச் சமாளித்தேன்.

பூட்ஸ் மூர் மார்க்கெட்டில் கிடைத்தது. ராணுவச் சரக்கு, யாரும் போடாதது, மரக்கட்டை மாதிரி விறைப்பு. எங்கள் காலுக்கு ஒரு சுற்றுப் பெரிது. "ரெண்டு சாக்ஸு போட்டுக்கினா கிச்சுனு கீதும்மா. இத்த போட்டுக்கினு நீ ஆகாசத்துக்கே ஏறலாம்" என்றார் கடைக்காரர். அண்ணி விளக்கெண்ணெய் தடவி வெயிலில் வைத்தாள். வீட்டுக்குள் அதைப் போட்டு நடக்க அவள் ஒப்பவில்லை, சாமி அறை இருக்கிற வீடு. மொட்டை மாடியில் வடாம் காய்ந்தது. ஆக, சனிக்கிழமை குன்றத்தூருக்குப் போவது என்று முடிவாயிற்று.

பஸ்ஸில் புடவைக்குக் கீழே பூட்ஸோடு உட்கார்ந்திருந்த எங்களை எல்லாரும் பார்த்தார்கள். மலையடிவாரத்தில் பூ விற்கும் அம்மாளும் பார்த்தாள்.

"இன்னா டீச்சரம்மா, இத்த போட்டுக்கினா முருகன் கோயிலுக்கு ஏறப் போற? இப்டிக்கா வுட்டுட்டுப் போ. நான் பாத்துக்கறேன்."

இதை நான் யோசிக்கவே இல்லை. பிறந்ததிலிருந்து அந்த மலைக்குப் போய் வருகிறேன், ஒரு தடவைகூடச் செருப்போடு ஏறியதில்லை. ஆனாலும் பூட்ஸை எப்படிப் போட்டுக்கொண்டு ஏறப்போகிறோம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. எஸ்தர் டீச்சரைப் பார்த்தேன். "நீங்க ஏறலாமே டீச்சர், உங்களுக்கு இது கோயில் இல்லையே" என்றேன். அவள் அதற்குள் லேஸை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். "எல்லாரும் வெறுங்காலா ஏறறப்ப நான் மட்டும் தட்டு தட்டுன்னு ஏறினா நல்லாவா இருக்கும்?" என்றாள். பூட்ஸ்கள் பூக்கூடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, நாங்கள் வெயில் காய்ந்த படிகளில் உள்ளங்கால் பொரிய ஏறி இறங்கினோம்.

அடுத்த தடவை பரங்கிமலை என்றாள் எஸ்தர் டீச்சர். உச்சியில் இருப்பது சர்ச்தான், அங்கே யாரும் கழற்றச் சொல்ல மாட்டார்கள் என்றாள். யாரும் சொல்லவில்லைதான். ஆனால் அது தவக்காலத்து வெள்ளிக்கிழமை. சிலுவைப்பாதை செய்கிறவர்கள் பாட்டியிலிருந்து கைக்குழந்தைக்காரி வரை வெறுங்காலில் முட்டி போட்டுப் போட்டு ஏறிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். முதல் படியிலேயே குனிந்துவிட்டோம்.

பெருங்களத்தூர்ப் பக்கம் கோயிலும் சர்ச்சும் இல்லாத ஒரு மொட்டைப் பாறைக்குன்று இருப்பதாக அண்ணா சொன்னான். நம்பிக்கையோடு போனோம். பாதி வரை பூட்ஸோடுதான் ஏறினோம், காலில் தீக்குச்சி உரசியது போல் இருந்தது. உச்சி தெரிகிற இடத்தில் ஒரு கல் நட்டிருந்தது. மஞ்சள், குங்குமம், அன்று காலையில் யாரோ வைத்த எலுமிச்சம்பழம். "இங்கயுமா?" என்றாள் எஸ்தர் டீச்சர். மீதிப் பாதி வெறுங்கால்.

வாரா வாரம் இப்படியே போயிற்று. குன்றத்தூர்ப் பூக்காரம்மாளுக்கு எங்கள் பூட்ஸ் பழகிவிட்டது. "ஒரு நாளைக்குப் பூனை உள்ள பூந்து குட்டி போட்றப் போவுது டீச்சரம்மா" என்பாள். எங்களுக்கு மலை பழகிவிட்டது. மூச்சு வாங்கவில்லை, முழங்கால் வலிக்கவில்லை, உள்ளங்கால் தோல் செருப்புக்கு அடி வைத்த மாதிரி ஆகிவிட்டது. பூட்ஸ் மட்டும் விளக்கெண்ணெய் மினுமினுப்போடு அப்படியே இருந்தது.

கிளம்புவதற்கு முன் கேப்டன் எங்கள் மூட்டைகளைப் பிரித்துப் பார்த்தார். "பூட்ஸ் என்ன புதுசாவே இருக்கு?"

"பத்திரமா வெச்சிருக்கோம் சார்" என்றாள் எஸ்தர் டீச்சர்.

அவர் அடுத்த சாமானுக்குப் போய்விட்டார். என் மூட்டையிலிருந்து பழைய சுங்குடிப் புடவை ஒன்றை எடுத்து வெளியே போட்டார். "மலையில புடவை எதுக்கு? வீண் கனம்." துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன புடவை அது. அதைத் தலைக்கு வைக்காமல் எனக்குத் தூக்கம் வராது. அவர் திரும்பியதும் சுருட்டி அடியில் திணித்துவிட்டேன். அண்ணி கொடுத்த புளிக்காய்ச்சல் பாட்டிலையும் அதே மாதிரி ஸ்வெட்டருக்குள் சுற்றி ஒளித்துவைத்தேன்.

அந்தப் பாட்டில் நேபாளத்து பஸ் கூரையில் உடைந்தது. ஒரு திருப்பத்தில் பஸ் திடீரென்று நின்றது. கீழே ஆறு நூல் மாதிரி தெரிந்தது. ஓட்டுநர் இறங்கிச் சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு, வெயில் காய உட்கார்ந்துவிட்டார். பயணிகளும் கவலைப்படாமல் இறங்கி, துணி விரித்து, சோளப்பொரி தின்றார்கள். எங்கள் ஊரில் பஸ் நின்றால் முதலில் கண்டக்டரைத்தான் திட்டுவோம். இங்கே ஒருத்தி பாடத் தொடங்கினாள். மேகம் எங்களுக்குக் கீழே போய்க்கொண்டிருந்தது. பள்ளிக்கூடத்தில் நான் எத்தனையோ தடவை வரைந்த பருவக்காற்று அம்புக்குறிகள் இந்த மேகங்களுக்குத்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

சுமைக்காரர்கள் மூட்டையை இறக்கியபோது பெருங்காயமும் நல்லெண்ணெயும் கமகமத்தன. டில்லிக் கம்பளி முழுக்கப் புளிக்காய்ச்சல். பாசாங் என்ற சுமைக்காரர் முகர்ந்து பார்த்துவிட்டு மற்றவரிடம் ஏதோ சொன்னார், எல்லாரும் சிரித்தார்கள். என்ன சொல்கிறார் என்று கேப்டனைக் கேட்டேன். "இந்த ஊர்க்காரங்க சட்டையைத் தாளிச்சுப் போடுவாங்க போலிருக்குன்றான்" என்றார். நல்லவேளை, மாமியின் குல்லாயைத் தனியாகக் கைப்பையில் வைத்திருந்தேன்.

முதல் நாள் நடையிலேயே பூட்ஸ் கடித்தது. இரண்டாம் நாள் குதிகாலில் தோல் வழன்றது. எஸ்தர் டீச்சருக்கும் அதே கதை. ஒரு புல்வெளியில் உட்கார்ந்து, கேப்டன் முன்னால் போகட்டும் என்று காத்திருந்து, இருவரும் பூட்ஸைக் கழற்றிக் கழுத்தில் மாட்டிக்கொண்டோம். சுமைக்காரர்களில் பலர் வெறுங்காலில்தான் நடந்தார்கள். நாங்களும் நடந்தோம். குன்றத்தூர்ப் படியை விட அந்தப் பாதை குளிர்ச்சியாக, காலுக்கு இதமாக இருந்தது.

அடுத்த சில நாட்கள் எனக்குக் கனவு போலத்தான் நினைவில் இருக்கின்றன. சிவப்புப் பூ பூத்த பெரிய மரங்கள், தரையெல்லாம் அதன் இதழ்கள், நடுவில் பனிமூட்டம் வந்து எஸ்தர் டீச்சரை அழித்துவிடும், மறுபடி வரைந்துகொடுக்கும். வெண்ணெயும் உப்பும் போட்ட தேநீர் கொடுத்தார்கள். முதல் வாய்க்கு ரசத்தில் உப்பு கூடிவிட்ட மாதிரி இருந்தது, மூன்றாவது வாய்க்கு இன்னும் கேட்டேன். அவித்த உருளைக்கிழங்கை மிளகாய் உப்பில் தொட்டுச் சாப்பிட்டோம். தங்கிய வீட்டுக்காரி ஒருத்தி அடுப்பருகில் என் உள்ளங்காலைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இது நம்ம பெண்கள் கால். இவளுக்கு யார் அந்தப் பூட்ஸைக் கொடுத்தது?" என்றாளாம். கேப்டன் அதை எனக்கு மொழிபெயர்த்துவிட்டு, பிறகுதான் என் காலைப் பார்த்தார்.

அவர் அதைப் பற்றிக் கடைசி முகாமில்தான் சொன்னார். மரங்கள் முடிந்து வெறும் கல்லாகிவிட்ட இடம் அது. சாயந்திர வெயிலில் எதிரே பனி ஆரஞ்சு நிறமாக எரிந்தது, கூப்பிடு தூரத்தில் இருப்பது போலிருந்தது. என் குதிகால் இரண்டும் சிவந்து நீர் கோத்திருந்தன. பூட்ஸுக்குள் காலை நுழைத்துப் பார்த்தேன், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"நாளைக்குக் காலையில பூட்ஸ் போட்டு என் கண்ணு முன்னால நடந்து காட்டுங்க. முடிஞ்சா வாங்க. முடியலேன்னா பாசாங்கோட இங்க இருங்க. வெறுங்கால்ல பனிக்கு மேல விடமாட்டேன், விரல் போயிடும்." கடுமையாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. "எத்தனை மலை ஏறினீங்க டீச்சர், பழக்கச் சொன்னேனே" என்றார்.

"நாங்க பழகினோம் சார். அது பழகல" என்றேன். குன்றத்தூரையும் பரங்கிமலையையும் எலுமிச்சம்பழத்தையும் சொன்னேன். அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு கூடாரத்துக்குள் போய்விட்டார்.

இவ்வளவு தூரம் வந்து பனியைத் தூரத்தில் பார்த்துவிட்டுத் திரும்புவதா? அதைத்தான் கரும்பலகையிலேயே பார்த்திருக்கலாமே. எனக்கு அழுகையாக வந்தது. தலைக்கு வைத்துக்கொள்ளப் புடவையை உருவினேன். எஸ்தர் டீச்சர் அதைத் தொட்டுப் பார்த்தாள்.

"டீச்சர், இதைக் கிழிக்கலாமா?"

வீட்டில் யாருக்காவது புண் என்றால் முதலில் தேடுவது பழம்புடவைதான். எனக்குத் தோன்றாமல் போயிற்றே என்று இருந்தது. உறைந்து கல்லாகிப்போன தேங்காய் எண்ணெய்ச் சீசாவை அவள் அக்குளில் வைத்து இளக்கினாள். தலைப்பிலிருந்து நீளவாக்கில் கிழித்தோம். எண்ணெய் தடவி, குதிகாலிலிருந்து கணுக்கால் வரை இரண்டு சுற்று. நான் அவள் காலுக்கு, அவள் என் காலுக்கு. சாக்ஸ் ஒன்றைக் கழித்துவிட்டதால் பூட்ஸின் பெரிய அளவில் புடவை கச்சிதமாக உட்கார்ந்தது.

விடிவதற்கு முன் கேப்டன் எதிரில் நடந்து காட்டினோம். வலித்தது, ஆனால் நடக்க முடிந்தது. அவர் குனிந்து பூட்ஸ் விளிம்பில் எட்டிப்பார்த்த சுங்குடிப் புள்ளிகளைப் பார்த்தார். "நான் வெளிய எடுத்துப் போட்ட புடவைதானே இது?" என்றார். நான் அந்த விளிம்பைப் பூட்ஸுக்குள் திணித்தேன். "சரி, வாங்க" என்றார்.

கல்லும் மண்ணுமாக ஏறிக்கொண்டே போனோம். பேச்சு நின்றுவிட்டது, மூச்சு மட்டும்தான். பிறகு ஒரு பாறையைச் சுற்றியதும் முன்னால் கல் இல்லை. வெள்ளை. நான் எல்லாரையும் முன்னே போகச் சொல்லிவிட்டு, அவர்கள் காலடி படாத இடமாகப் பார்த்து நின்றேன். காலைத் தூக்கி வைத்தேன்.

சத்தம் வந்தது. புதுக் கூவைமாவை டப்பாவுக்குள் விரலால் அழுத்தினால் ஒரு கிறீச் கேட்குமே, அது. இன்னோர் அடி வைத்தேன், மறுபடி அது. திரும்பி வந்து புது இடத்தில் வைத்தேன். எவ்வளவு நேரம் அந்த வெள்ளையில் முன்னும் பின்னும் நடந்தேனோ. அத்தனை சந்தோஷம் எனக்கு அதற்கு முன் வந்ததில்லை, என் கல்யாணப் பேச்சுகள் முறிந்துபோன ஒவ்வொரு தடவையும் இனிமேல் வராது என்று நினைத்திருந்த சந்தோஷம் அது.

கணவாய் உச்சியில் கற்களைக் குவித்து, கயிறு கட்டி, வண்ணத் துணிகளைத் தொங்கவிட்டிருந்தார்கள். பாசாங் ஒரு கல்லை எடுத்து அதில் வைத்துவிட்டு முணுமுணுத்தார். நான் போய்ச் சேர்ந்தபோது எஸ்தர் டீச்சர் ஒரு பாறையில் உட்கார்ந்து லேஸை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து நானும் அவிழ்த்தேன். புடவைச் சுற்றைப் பிரித்தேன்.

"டீச்சர், இங்க வேணாம். நான் சொல்றதைக் கேளுங்க" என்று கேப்டன் அங்கிருந்து வந்தார்.

"ஒரு நிமிஷம் சார்" என்றாள் எஸ்தர் டீச்சர்.

இருவரும் எழுந்து பனியில் நின்றோம். அவள் கண்ணை மூடிக்கொண்டாள், நான் கை கூப்பினேன். குளிர் முதலில் சுட்டது. பிறகு கால் இருப்பதே தெரியவில்லை. உற்றுக் கேட்டேன், வெறுங்காலுக்குக் கீழே பனி சத்தமே போடவில்லை. கேப்டன் எங்கள் பூட்ஸைக் கையில் பிடித்துக்கொண்டு, பூக்காரம்மாள் மாதிரி, நாங்கள் வரும்வரை காத்து நின்றார்.

ஜூனில் பள்ளி திறந்ததும் ஒன்பதாம் வகுப்புக்குப் போய்விட்ட மல்லிகாவைத் தேடிப் போனேன். அவள் கேள்வியையே மறந்திருந்தாள். ஞாபகப்படுத்திவிட்டுச் சொன்னேன். "வரும்மா. பூட்ஸோட நடந்தா வரும். மலை உச்சியில வெறுங்காலோட நின்னப்ப வரல."

"பனியில எதுக்கு டீச்சர் வெறுங்காலோட நின்னீங்க?" என்றாள்.

கேப்டனிடம் ஊர் வந்து சேரும்வரை எனக்கு விளக்கத் தெரியவில்லை. இவளுக்கு எங்கே ஆரம்பிப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்து பென்சில் சீவிக்கொண்டிருந்த பெண் தலையைத் தூக்காமலே அவளுக்குச் சொன்னாள்.

"மலை உச்சிடி அது. பின்ன, செருப்போடயா நிப்பாங்க?"